"ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?": குளூட்டன் இல்லாச் சாப்பாடும் என் வீட்டாரும்

#1 தனித்தட்டு

எனக்கு சீலியாக் நோய் என்று உறுதியாகி 4 மாதம் ஆகிறது. கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால், உடம்பே தன் சிறுகுடலைக் கெடுத்துக்கொள்ளும் நோய் இது. உடம்பு தேறி வருகிறது. வீடுதான் தேறவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

ஆறேழு வருடமாக எனக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் ஹீமோகுளோபின் ஏறும், நிறுத்தினால் இறங்கும். கூடவே வாய்ப்புண், எந்நேரமும் அசதி. வயிற்று உபாதை பெரிதாகக் கிடையாது. "வேலை ஜாஸ்தி, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். கடைசியில் ஒரு மருத்துவர், சாப்பிடுவது முதலில் உடம்பில் ஒட்டுகிறதா என்று பார்ப்போம் என்று சொல்லி, இரத்தத்தில் டிடிஜி எதிர்ப்பொருள் (சீலியாக் இருந்தால் ஏறுவது) அளவைப் பார்க்கச் சொன்னார். அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எண்டோஸ்கோபியில் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தபோது சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களும் வாழ்நாள் முழுக்கக் கூடாது. மாத்திரை கிடையாது, இதுதான் வைத்தியம்.

என் மாமியார் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் அவரைத் திட்ட வேண்டாம். ஆனால் அவருக்குச் சமையல்தான் பேச்சு. ஒருவர் மேல் பாசம் வந்தாலும் கோபம் வந்தாலும் தட்டில்தான் தெரியும். முதல் மாதம் கேக் செய்து, "உனக்காகச் சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன்" என்று நீட்டினார். சர்க்கரை இல்லை அத்தை, மைதாதான் பிரச்சினை என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

போன வாரம் நடந்ததுதான் என்னை இங்கே கொண்டுவந்தது. "முழுக்க அரிசி மாவுதான், தைரியமாகச் சாப்பிடு" என்று ஒரு பலகாரம் கொடுத்தார். சந்தோஷமாக நான்கு சாப்பிட்டேன். மறுநாள் மதியம் சிரித்துக்கொண்டே, பிசைவதற்குப் பதமாக வரட்டும் என்று ஒரு கைப்பிடி மைதா சேர்த்ததாகச் சொல்கிறார். "பார்த்தாயா, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

உண்மைதான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வலியில்லை, வாந்தியில்லை. அதை வைத்தே இப்போது வீடு முழுக்க என்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கணவரிடம் சொன்னால், "அம்மா வேண்டுமென்றா செய்தார், நீயே பக்குவமாகப் பேசிக்கொள்" என்கிறார். என்ன பேச?

#2 பழைய_நோயாளி

எனக்கு 11 வருடம். நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது என் முதல் வருடம் அப்படியே கண் முன்னால் வந்தது.

வலிக்காத உடம்பு நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். சீலியாக் உள்ள பலருக்கு வெளியே எதுவும் தெரியாமலே உள்ளே குடல் தேயும். உங்களுக்கே ஆறேழு வருடம் வயிறு வலிக்கவில்லை, குடல் மட்டும் தேய்ந்துகொண்டே இருந்தது, இல்லையா? அதே வாதத்தை மாமியாரிடம் வையுங்கள்: "அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை அத்தை, இரத்தம்தான் காணாமல் போனது."

கணக்குப் பிடிக்கும் வீடாக இருந்தால் கணக்கையும் சொல்லலாம். குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொட்டலத்தில் அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவு விதி. பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை பெரிய கெடுதல் செய்வதில்லை. தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடல் கெட்டது. இப்போது உங்கள் வீட்டுக் கைப்பிடிக்கு வருவோம். 30 கிராம் மைதா என்று வைத்தால் அதில் குளூட்டன் மட்டும் இரண்டு கிராமுக்கு மேல் இருக்கும். நீங்கள் சாப்பிட்டது அதில் கால்பங்கு என்றாலும் 500 மில்லிகிராம்.

ஒரு தடவைக்காகப் பயந்து சாக வேண்டாம். ஆனால் மாதம் ஒரு "ஒன்றும் ஆகவில்லையே" வந்தால், அடுத்த பரிசோதனையில் எதிர்ப்பொருள் இறங்காமல் அப்படியே நிற்கும்.

#3 எதிர்க்கட்சி

நான் மாமியார் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள்.

எங்கள் அண்ணி மூன்று முறை குளூட்டனை விட்டவர். ஒரு முறை எடை குறைய, ஒரு முறை முகப்பொலிவுக்கு, ஒரு முறை யாரோ வீடியோவில் சொன்னதற்காக. அவருக்காக வீட்டில் தனி மாவு, தனிப் பாத்திரம். பிறகு ஒரு விருந்தில் பீட்சாவைக் கண்டதும் "இன்றைக்கு மட்டும்" என்று கை நீட்டுவார். இதைப் பார்த்துப் பார்த்து எங்கள் அம்மாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே சிரிப்புதான் வரும். நாளைக்கு என் வீட்டில் ஒருவருக்கு நிஜமாகவே இந்த நோய் வந்தாலும் அதே சிரிப்புதான் கிடைக்கும். வீட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று: ரிப்போர்ட்டைக் காட்டினீர்களா, அல்லது வாயால் சொன்னதோடு சரியா?

#4 தனித்தட்டு

உங்கள் அண்ணி என் வாழ்க்கையில் எவ்வளவு கெடுதல் செய்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது :)

ரிப்போர்ட் கணவர் கைப்பேசியில் இருக்கிறது. மாமியார் பார்த்ததில்லை. இதை எழுதும்போதுதான் அது எனக்கே உறைக்கிறது.

#5 சல்லடை

என் மகனுக்கு ஐந்து வயதில் தெரிந்தது. அதுவரை வயதுக்கேற்ற உயரமே இல்லாமல் இருந்தவன், குளூட்டனை விட்ட அடுத்த வருடமே சட்டையெல்லாம் குட்டையாகிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை, குழந்தை விஷயம் என்பதால். எங்களுக்குச் சண்டை வந்தது சாமான்களோடுதான். எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதல் எதிரி, என் பெயரில் இருப்பதுதான். கோதுமை மாவு சலித்த சல்லடையை எத்தனை தேய்த்தாலும் வலைக்கண்ணில் மாவு நிற்கும். அரிசி மாவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்குங்கள். மரக்கரண்டி, மரப்பலகை, கீறல் விழுந்த பழைய நான்ஸ்டிக் சட்டி எல்லாம் அதே கதை. எவர்சில்வர், கண்ணாடி பிரச்சினையில்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். டோஸ்டரைப் பங்கு போடவே முடியாது. சூட்டில் எல்லாம் செத்துவிடும் என்று என் தங்கை நம்பினாள். குளூட்டன் என்ன கிருமியா, சூட்டில் சாக? அது புரதம். வெந்தாலும் பொரிந்தாலும் அது அதுவாகவே இருக்கும். கோதுமை மாவில் முக்கிப் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் போட்டாலும் கெட்டது கெட்டதுதான்.

வெண்ணெய், ஜாம் புட்டிகளை யாரும் யோசிப்பதில்லை. ரொட்டியில் தடவிய கத்தி திரும்பவும் புட்டிக்குள் போகும். துகள் உள்ளே தங்கிவிடும். மகனுக்குத் தனிப் புட்டி வைத்து மூடியில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அவன் சாமான்கள் எல்லாம் அலமாரியின் மேல் தட்டில் இருக்கும். மாவு கீழ்நோக்கித்தான் சிந்தும், அதனால் கோதுமை கீழே. சமைக்கும்போது அவனுடையது முதலில். கோதுமை மாவு கொட்டினால் கொஞ்ச நேரம் காற்றிலேயே மிதந்து பிறகு எல்லாவற்றின் மேலும் படியும்.

அப்புறம் லேபிள். கோதுமை என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரியும். மால்ட் என்றால் பார்லி. ரவை, சேமியா எல்லாம் பெரும்பாலும் கோதுமைதான், சாதாரண சோயா சாஸிலும் கோதுமை உண்டு. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை, ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. அதனால் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட ஓட்ஸ் மட்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. சுத்தமான ஓட்ஸே ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலர் உண்டு.

#6 அரைகுறை

இழையைத் திசை திருப்புவதற்கு மன்னிக்கவும். வயிறு உப்புசம் தாங்காமல் இரண்டு மாதமாக நானே கோதுமையை விட்டுவிட்டேன். நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டில் "டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டால் பதில் இல்லை. இப்போது போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

#7 ஆய்வுக்கூடம்

பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை. ஆனால் இதே கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள்.

இரண்டு மாதம் விட்டபின் பார்த்தால் எதிர்ப்பொருள் இறங்கியிருக்கலாம், குடலும் ஆறத் தொடங்கியிருக்கலாம். நோய் இருந்தும் இல்லை என்று வரும். சரியாகத் தெரிய வேண்டுமானால் மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் மறுபடி குளூட்டன் சாப்பிட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். யாரும் விரும்பிச் செய்கிற காரியம் இல்லை. அதனால்தான் "முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்" என்று கரடியாகக் கத்துகிறோம்.

டிடிஜியோடு மொத்த ஐஜிஏ (எதிர்ப்பொருளில் ஒரு வகை) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு. அவர்களுக்கு டிடிஜி பொய்யாக இயல்பு என்று காட்டும். மரபணுப் பரிசோதனைக்கு நீங்கள் எதைச் சாப்பிட்டாலும் விட்டாலும் வித்தியாசமில்லை. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகள் இரண்டுமே இல்லையென்றால் சீலியாக் அநேகமாகக் கிடையாது. இருந்தால் நோய் என்று அர்த்தமில்லை, நோயே இல்லாத ஏராளமானோருக்கும் அவை உண்டு.

உங்களுடையது சீலியாக்காக இல்லாமலும் போகலாம். கோதுமை ஒவ்வாமை வேறு, சீலியாக் இல்லாமலே குளூட்டன் ஒத்துக்கொள்ளாதது வேறு. ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். பொதுவாக மக்களில் 1 சதவீதம்தான்.

#8 எதிர்க்கட்சி

பத்தில் ஒன்றா? தனித்தட்டு, இதை உங்கள் கூடப்பிறந்தவர்களிடம் சொன்னீர்களா? என்னிடம் யாராவது இப்படிச் சொன்னால் சிரிப்பதை அந்த நிமிடமே நிறுத்திவிடுவேன். சுயநலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

#9 மூத்தவள்

நான் இங்கே எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. ஆனால் இது என் கதை, அந்தப் பக்கத்திலிருந்து. தனித்தட்டு, உன்னை என் மகள் வயதில் நினைத்து "நீ" என்றே எழுதுகிறேன்.

என் மகளுக்கு 26 வயதில் இந்த நோய் என்று சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம். இருபத்தாறு வருடம் என் கையால் பிசைந்து ஊட்டியதெல்லாம் குடலைத் தின்றதாம். இதை ஒரு தாயிடம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? நம்ப மாட்டேன் என்றுதான் சொல்வாள். நான் நம்பினால் என் மேலேயே பழி போட்டுக்கொண்ட மாதிரி. போதாததற்கு அது பரம்பரையில் வருவது என்றும் சொன்னார்கள். பழிக்கு மேல் பழி.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? உன் மாமியாராவது பதத்துக்காக மாவு சேர்த்தார். நான் சோதித்துப் பார்க்கவே சேர்த்தேன். குழம்பு கெட்டியாக வர இரண்டு கரண்டி மைதா கரைத்து ஊற்றிவிட்டு, எதுவும் சொல்லாமல் பரிமாறினேன். அன்றிரவும் மறுநாள் இரவும் அவள் குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். காரணத்தை நானே சொன்னேன். அதற்காவது தைரியம் இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. எட்டு மாதம் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்தாள். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்தபின் அந்த டப்பாவைத் திறப்பாள். அந்த மூடி திறக்கும் சத்தத்தை இன்றைக்கும் என்னால் கேட்க முடியாது.

பிறகு ஒரு நாள் தொலைபேசியில், "அம்மா, மைதா போடாமல் அந்தக் குழம்பைக் கெட்டியாக்க ஏதாவது வழி இருக்கிறதா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? சோளமாவு போடலாம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் கேட்டாள். நான் அன்று மாலைக்குள் மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். அரிசி மாவு, சோளமாவு, உருளைக்கிழங்கை மசித்துப் போட்டது. மூன்றாவதுதான் நன்றாக வந்தது.

உன் மாமியாரிடம் குடல், எதிர்ப்பொருள் என்று பேசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை அடுப்படியில் பேசாதே, அவர் கரண்டியோடு நிற்கும்போது பேசாதே. ரிப்போர்ட்டை மகனே கொண்டுபோய் அம்மாவிடம் படித்துக் காட்டட்டும். அது அவன் வேலை, உன் வேலை இல்லை. நீ அவரிடம் ஒரு சமையல் சந்தேகம் கேள். நிஜமான சந்தேகமாக இருக்கட்டும், நடிக்காதே, கண்டுபிடித்துவிடுவார்.

#10 ஹாஸ்டல்வாசி

மூத்தவள் அம்மா, அழ வைத்துவிட்டீர்கள். ஆனால் எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை என்று நான் சொல்லியாக வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு ரிப்போர்ட் காட்டியாயிற்று, அப்பா பேசியாயிற்று, நானே சமைத்தும் கொடுத்தேன். "நோயாளி மாதிரியா இருக்கிறாய்? கன்னம் வைத்திருக்கிறதே!" என்பார். குடல் ஆறியபின் சாப்பாடு உடம்பில் ஒட்டத் தொடங்கி எடை ஏறியதே அவருக்கு நான் பொய் சொல்கிறேன் என்பதற்கு ஆதாரம். இப்போது அவர் வீட்டுக்குப் போவேன், பேசுவேன், தண்ணீர் மட்டும் குடிப்பேன். விருந்துக்குப் போகும்முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவேன். பசியோடு இருந்தால்தான் "ஒரு வாய்" என்பதற்கு மறுப்புச் சொல்வது கஷ்டம்.

#11 பழைய_நோயாளி

என் அப்பாவும் ரிப்போர்ட்டுக்கு மசியவில்லை. "இதெல்லாம் புது நோய், நம் காலத்தில் ஏது?" என்பதே அவர் கட்சி. அவருக்குச் சரித்திரம் பிடிக்கும், அதனால் அந்த வழியில் போனேன்.

இந்த நோயை ஆங்கிலேய மருத்துவர் சாமுவேல் ஜீ 1888லேயே விவரித்துவிட்டார். சாப்பாட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று ஊகித்தார், ஆனால் எந்தச் சாப்பாடு என்று தெரியவில்லை. பிறகு ஒரு காலம் வாழைப்பழமாகக் கொடுத்தார்கள், பிள்ளைகள் தேறவும் செய்தார்கள். வாழைப்பழத்தின் மகிமை என்று நினைத்தார்கள். உண்மையில் அதைத் தின்ற நேரத்தில் ரொட்டி தின்னவில்லை, அவ்வளவுதான். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமை மேல் போருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அங்கே பஞ்சம். ரொட்டியே கிடையாது. ஊரே வாடியபோது அவருடைய நோயாளிப் பிள்ளைகள் மட்டும் மோசமாகவில்லை, தேறினார்கள். மறுபடி ரொட்டி வந்ததும் படுத்துவிட்டார்கள். 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார்.

அப்பா இரண்டு தடவை கேட்டார் இந்தக் கதையை. பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்ல ஆரம்பித்தார், கொஞ்சம் மசாலா சேர்த்து. போகட்டும், அந்த மசாலாவில் குளூட்டன் இல்லை.

#12 தனித்தட்டு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை.

கணவரை உட்கார வைத்து இந்த இழையை முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். #9 வந்ததும் எழுந்துபோய்விட்டார். அன்றிரவு ரிப்போர்ட்டோடு அம்மா அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது, என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை அத்தை என்னிடம் எதுவும் பேசவில்லை. மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. காபியை மட்டும் வழக்கத்தைவிடச் சூடாகக் கொடுத்தார்.

சமையல் சந்தேகம் எனக்கு நிஜமாகவே இருந்தது. அரிசி மாவில் கேக் செய்தால் மணல் மாதிரி உதிர்ந்துவிடுகிறது. பிடித்து வைக்கக் குளூட்டன் இல்லையே. கேட்டேன். "முட்டையைக் கூடப் போடு, மாவைக் கலக்கி அரை மணி நேரம் ஊற வை" என்றார் முகத்தைப் பார்க்காமலே. முதல் கேக் செங்கல். இரண்டாவது கேக் செங்கலின் தம்பி. மூன்றாவதை வெட்டி மாமாவிடம் கொடுத்தார், எதுவும் சொல்லாமல் மாமா இரண்டாவது துண்டு கேட்டார். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வெற்றி இருந்தது, அது என் மேல் வந்த வெற்றியா எனக்காக வந்ததா என்று இன்னும் பிடிபடவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மைத்துனர் இன்னும் "கோதுமை மகாராணி" என்றுதான் கூப்பிடுகிறார். பழைய சல்லடையைத் தூக்கிப் போட அத்தை சம்மதிக்கவில்லை, புதிதாக ஒன்று வாங்கி அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். என் தங்கை பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டாள், அண்ணன் "பார்க்கலாம்" என்கிறான்.

நேற்று மதியம் நான் வேலையில் இருக்கும்போது அத்தை தொலைபேசியில் அழைத்தார். கடையில் இருந்தாராம். "கண்ணாடி எடுத்துவர மறந்துவிட்டேன், பக்கத்தில் நிற்கிற பையனை வாசிக்கச் சொன்னேன். மால்ட் என்று போட்டிருக்கிறதாம். அது ஆகாதுதானே?"

ஆகாது அத்தை என்றேன். "பிறகு ஏன் விற்கிறார்கள்" என்று அந்தப் பையனிடம் சத்தம் போட்டுக்கொண்டே வைத்துவிட்டார்.

#13 அரைகுறை

அந்தக் கடைப்பையன் பாவம் :)

நான் மருத்துவரைப் பார்த்தேன். ஆறு வாரம் தினமும் ரொட்டி சாப்பிடச் சொல்லியிருக்கிறார், இன்று ஐந்தாம் நாள், வயிறு தம்பட்டம் அடிக்கிறது. இதற்கிடையில் ஒரு சந்தேகம்: மாத்திரைகளில்கூடக் கோதுமை மாவுச்சத்து சேர்ப்பார்களாமே? பெட்டியில் ஸ்டார்ச் என்று மட்டும் போட்டிருந்தால் யாரைக் கேட்பது?

#14 ஆய்வுக்கூடம்

சேர்ப்பது உண்டு, ஆனால் அரிது. பெரும்பாலும் சோளம் அல்லது உருளைக்கிழங்கு மாவுச்சத்துதான். மருந்துக்கடையில் மருந்தாளுநரைக் கேளுங்கள், தெரியாவிட்டால் தயாரிப்பாளரிடம் விசாரித்துச் சொல்வார். அதுவரை மருத்துவர் எழுதிக்கொடுத்த எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆறு வாரத்தையும் முழுசாக முடியுங்கள், பாதியில் விட்டால் தம்பட்டம் வாங்கியது வீண்.